பல் டாக்டருக்கு வெட்டிய பாட்டு

செய்தி வந்தபோது காலை ஆறு மணி பத்து நிமிடம். போனில் மாமா. "உங்க அத்தை எழுந்திருக்கலம்மா" என்றார். எனக்கு உடனே விளங்கவில்லை. ஊர் எழும் முன்னே எழுந்து, மாமாவையும் எழுப்பிவிட்டு, ஆறு மணிக்கு முதல் ஆளைக் காரில் உட்கார வைக்கிறவள் அத்தை. "ஏன் மாமா, உடம்பு சரியில்லையா?" என்று நான் கேட்டுக்கொண்டிருக்கும்போதே போனுக்குள் ஒரு ஹாரன் சத்தம் கேட்டது. தொட்டும் தொடாததுமாக, கூச்சத்தோடு.

அன்று முதல் வகுப்புக்கு வந்திருந்த புதுப் பெண். வாசலுக்கு வந்தால் பெல்லை அமுக்கக் கூடாது, காரில் ஏறி உட்கார்ந்து ஹாரன் அடிக்க வேண்டும் என்பது அத்தையின் சட்டம். "பெல் அடிக்கத்தான் எல்லாருக்கும் தெரியுமே" என்பாள். மாமா வழக்கம்போலக் காரைத் திறந்து, கண்ணாடியைத் துடைத்து வைத்துவிட்டு, அத்தையைக் கூப்பிட உள்ளே போயிருக்கிறார்.

"அந்தப் பொண்ணு ஹாரன் அடிக்குதும்மா" என்றார் மாமா. "நான் போய் என்னன்னு சொல்றது?"

அதன் பிறகு துக்கம் கேட்க வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள். பொறுமை. டீச்சர் மாதிரிப் பொறுமைசாலியைப் பார்த்ததே இல்லை என்றார்கள். நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். அத்தைக்குப் பொறுமை சுத்தமாகக் கிடையாது. கேஸ் அடுப்பில் பால் பொங்கும் வரை நிற்க மாட்டாள். மாமாவைக் காவலுக்கு நிறுத்திவிட்டுப் போய்விடுவாள். அவளிடம் இருந்தது பொறுமை இல்லை, பாட்டு. அதைத்தான் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன்.

அத்தை என் அப்பாவின் தங்கை. லாரி கம்பெனி ஒன்றில் டைப் அடித்துக்கொண்டிருந்தவள், பக்கத்து மேஜைக்கு வரும் டிரைவர்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டு ஆசை வந்து, கல்யாணமாகி மகளும் பள்ளிக்கூடம் போன பிறகு கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். பிறகு டைப் மெஷினை விட்டுவிட்டு, ஒரு சின்ன வெள்ளைக் காரை வாங்கி, தன் பக்கமும் ஒரு பிரேக்கும் கிளட்ச்சும் வைத்து, வீட்டு வாசலிலேயே டிரைவிங் ஸ்கூல் போட்டாள். ஊரில் பாதிப் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக் கொடுத்தவள், ஒரே ஒரு ஆளிடம் தோற்றாள். மாமாவிடம். தபால் ஆபீஸில் கடிதம் பிரிக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மாமா, காரில் ஏறினால் பின் சீட்டில்தான் உட்காருவார். செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வார். அத்தை அவருக்கு 'பின் சீட்டு' என்றே பெயர் வைத்துவிட்டாள். போனில் யாராவது அவரைக் கேட்டால், "இருங்க, பின் சீட்டைக் கூப்பிடறேன்" என்பாள்.

கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு என்று அத்தை சொல்வாள். வேகம் காட்டும் முள்ளையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். முள்ளைப் பார்த்தால் ரோட்டைப் பார்க்க முடியாது. ரோட்டைப் பார்த்தால் வேகம் தெரியாது. இதற்கு அவள் கண்டுபிடித்த மருந்துதான் பாட்டு. வீட்டு வாசலில் பாட்டு ஆரம்பிக்கும். பல்லவி முடியும்போது ரொட்டிக்கடை வந்துவிட வேண்டும். இடையிசையில் வயலின் நுழைந்தால் இரண்டாம் கியர். முதல் சரணம் பாங்க் வாசலில். பாங்க் வருவதற்கு முன்னாலேயே சரணம் வந்துவிட்டால் வண்டி மெது. சரணத்துக்கு முன்னாலேயே பாங்க் வந்துவிட்டால் கால் அதிகம். சிக்னலில் வண்டி நின்றால் அத்தை பாட்டையும் நிறுத்திவிடுவாள். வண்டி நகர்ந்தால் பாட்டும் நகரும்.

ஆனால் எல்லோருக்கும் ஒரே வேகம் இல்லையே. அதனால் ஒவ்வொருவருக்கும் ஒரு பாட்டைத் தேர்ந்தெடுத்து, அவரவர் காலுக்கு ஏற்ற மாதிரி வெட்டி ஒட்டுவாள். பயந்தவர்களுக்கு இடையிசையை இரண்டு முறை ஒட்டுவாள். பயம் தெளியத் தெளிய ஒட்டியதை நறுக்குவாள். ஒவ்வொரு முறையும் அதே பாட்டை, அதே பெயரில், கடைசியில் ஒரு எண்ணை மட்டும் மாற்றிச் சேமிப்பாள். இந்தத் தையல் வேலையெல்லாம் சாப்பாட்டு மேஜைக்குக் கீழே இருந்த பழைய கம்ப்யூட்டரில் நடந்தது. பென் டிரைவில் ஏற்றிக் காரில் செருகிவிட்டால் மறுநாள் பாடம் தயார்.

அந்தக் கம்ப்யூட்டரின் பட்டன் உள்ளே போய் மாட்டிக்கொண்டதால், பென்சிலால் குத்தித்தான் உயிர் கொடுக்க வேண்டும். கொஞ்ச நேரம் ஓடினால் சூடாகித் தானே அணைந்துவிடும். அத்தை அதைப் படுக்க வைத்து, ஒரு பக்க மூடியைக் கழற்றி, மேஜை விசிறியை அதன் பக்கம் திருப்பி வைத்திருப்பாள். வெயில் காலத்தில் மாமா வியர்த்து வழிய உட்கார்ந்திருப்பார். காற்று கம்ப்யூட்டருக்குப் போகும்.

"இந்த வீட்டுல நான் அதுக்கு அப்புறம்தான்" என்பார் மாமா.

"அது பாடுதே. நீங்க பாடுவீங்களா?"

இப்படி இருக்கும்போதுதான் பல் டாக்டர் வந்தார்.

பக்கத்துத் தெருவில் கிளினிக் வைத்திருந்தவர். ஐம்பது வயதைத் தாண்டியவர். இத்தனை வருடமும் அவருடைய மனைவிதான் கார் ஓட்டினார். டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்து கதை பேசிக்கொண்டு போவார். அந்த அம்மாவுக்குக் கண்ணில் பார்வை மங்கத் தொடங்கியது. இனிமேல் ஓட்டவே கூடாது என்று கண் டாக்டர் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஆற்றங்கரைக்கு ஓட்டிப்போய்க் காற்று வாங்கிப் பழகிய மனுஷி. கார் வாசலில் தூங்கியது. அந்த அம்மா ஜன்னலோரமே உட்கார்ந்திருந்தார். அதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் டாக்டர் அத்தையிடம் வந்தார்.

வேறு இரண்டு இடத்தில் கற்றுக்கொண்டு, மூன்று தடவை டெஸ்டில் தோற்றிருந்தார். மூன்றும் ரவுண்டானாவில். அங்கே வந்ததும் வண்டியை நிறுத்திவிடுவார். நிறுத்தினால் கிளம்ப மாட்டார்.

"பத்து பல்லை ஒரே நாள்ல பிடுங்கினவன் நான். கை நடுங்கினதில்ல டீச்சர்" என்றார் முதல் நாள். "அந்த ரவுண்டானாவைப் பாத்தா மட்டும் எனக்கு யாரோ பல்லைப் பிடுங்க வர்ற மாதிரி இருக்கு."

"அங்க மரத்துப்போக ஊசி போட முடியாது டாக்டர்" என்றாள் அத்தை. "பாட்டுதான் போடணும். உங்களுக்கு என்ன பாட்டு பிடிக்கும்?"

டாக்டர் வெட்கப்பட்டுக்கொண்டே ஒரு பழைய சினிமாப் பாட்டைச் சொன்னார். ஆணும் பெண்ணும் மாறி மாறிப் பாடுவது, நடுவில் நீளமாகப் புல்லாங்குழல் வரும். மனைவி கார் ஓட்டும்போது முணுமுணுக்கும் பாட்டாம். அத்தை அந்தப் புல்லாங்குழலை நான்கு முறை ஒட்டி ஒன்றாம் எண்ணைச் செய்தாள். அவ்வளவு மெதுவாகத்தான் டாக்டர் ஓட்டினார். வாரங்கள் போகப் போக புல்லாங்குழல் மூன்றாயிற்று, இரண்டாயிற்று, ஒன்றாயிற்று. கடைசியாகச் செய்த பதினாலாம் எண்ணில்தான் அத்தையின் கைத்திறமை. ரவுண்டானா வரும் இடத்தில் பாட்டையே துண்டித்து, ஒரு சின்ன மௌனம் வைத்திருந்தாள். இரண்டு பக்கமும் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு மௌனம். உடனே பெண் குரல் பளிச்சென்று எடுக்கும். அந்தக் குரல் எடுத்தால் டாக்டரின் கால் தானாக மிதிக்கும். அந்த மௌனத்தை எவ்வளவு நீளம் வைப்பது என்று அத்தை பல நாள் கூட்டிக் குறைத்துப் பார்த்தாள். சரியாக விழுந்த அன்று டாக்டர் ரவுண்டானாவை நிற்காமல் சுற்றினார். ஒரு முறை இல்லை, வெளியேறும் வழி தெரியாமல் மூன்று முறை. அத்தை தடுக்கவில்லை. "சுத்துங்க டாக்டர், நல்லா சுத்துங்க, பெட்ரோல் என்னோடது" என்றாளாம்.

நான்காவது டெஸ்ட் ஒரு திங்கட்கிழமை காலை என்று முடிவாயிற்று. அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமைதான் அத்தையின் மகளும் மாப்பிள்ளையும் புது லேப்டாப்போடு வந்து இறங்கினார்கள். நானும் அந்த விடுமுறைக்கு அங்கே போயிருந்தேன்.

மாப்பிள்ளை தங்கமான மனிதர். மாமியார் வீட்டுக்கு வந்தால் சும்மா உட்கார மாட்டார். ஒழுகும் குழாயை முடுக்குவார், ஆடும் நாற்காலிக்கு ஆப்பு வைப்பார். சனிக்கிழமை முழுக்கப் பழைய கம்ப்யூட்டரிலிருந்த பாட்டுகளைப் புது லேப்டாப்புக்கு மாற்றினார். மாமா பக்கத்தில் விசிறியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சாயங்காலம் அத்தை வகுப்பு முடிந்து வந்ததும், மாப்பிள்ளை புதுப் பென் டிரைவைக் கையில் கொடுத்தார்.

"எல்லாம் வந்துடுச்சு அத்தை. இடமும் ரொம்ப மிச்சம்."

"அடேயப்பா, அதுக்குள்ளயா!" என்று அத்தை மகிழ்ந்துபோனாள். பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிப்போய் கார் கொட்டகையில், பஞ்சரான டயருக்குப் பக்கத்தில் வைத்தார்கள். திங்கட்கிழமை பழைய சாமான் கடைக்காரர் வருவதாகப் பேச்சு.

ஞாயிற்றுக்கிழமை மாலை டாக்டருக்குக் கடைசி வகுப்பு. எனக்கும் மாமாவுக்கும் ரொட்டிக்கடைக்குப் போக வேண்டியிருந்ததால் பின் சீட்டில் ஏறிக்கொண்டோம். டாக்டர் கண்ணாடியைச் சரிசெய்தார், பெல்ட்டை மாட்டினார், சிரித்தார். "இன்னிக்குப் பாருங்க" என்று என்னிடம் சொன்னார். அத்தை பாட்டைப் போட்டாள்.

பல்லவி முடிந்தது. ரொட்டிக்கடை வந்தது, திரும்பும்போது வாங்கலாம் என்று விட்டோம். புல்லாங்குழல் ஆரம்பித்தது, வளைந்தது, முடியப் போனது, மறுபடி ஆரம்பித்தது. டாக்டரின் கால் தளர்ந்தது. புல்லாங்குழல் மூன்றாம் முறை ஆரம்பித்தது. குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு போன ஒரு பெண் எங்களைத் தாண்டிப் போனாள். குழந்தை எங்களைத் திரும்பிப் பார்த்தது. பின்னால் நாலைந்து கார்கள் சேர்ந்து ஹாரன் அடித்தன.

"டாக்டர், கொஞ்சம் மிதிங்க" என்றாள் அத்தை.

"இன்னும் புல்லாங்குழலே முடியலையே டீச்சர்."

மாமா செய்தித்தாளை இறக்கினார். "நான் இங்கயே இறங்கி, ரொட்டி வாங்கிட்டு வந்து, மறுபடி இதே கார்ல ஏறிக்கட்டுமா?"

அத்தை சிரிக்கவில்லை. காதைச் சாய்த்துக் கேட்டாள். "இது ஒண்ணாம் நம்பர்" என்றாள் மெதுவாக. தன் பக்கத்துப் பிரேக்கை மிதித்து வண்டியை ஓரம் கட்ட வைத்தாள்.

டாக்டரின் முகம் வெளிறிப்போயிருந்தது. "நான் மறுபடி பழைய இடத்துக்கே போயிட்டேனா?" என்றார். "காலையிலதான் அவகிட்ட சொல்லிட்டு வந்தேன். நாளைக்குச் சாயங்காலம் ஆத்தங்கரைக்குப் போறோம்னு. அவ செருப்பைக்கூடத் துடைச்சு வெச்சுட்டா."

"நீங்க போகல டாக்டர். பாட்டு போயிருக்கு. வண்டியைத் திருப்புங்க."

வீட்டில் மாப்பிள்ளை குளித்துவிட்டு, தலையைத் துவட்டிக்கொண்டு நின்றார். அத்தை கேட்டாள்: "டாக்டரோட பாட்டு மத்ததெல்லாம் எங்க மாப்பிள்ளை?"

"அதுவா அத்தை, ஒரே பாட்டு பதினாலு தடவை இருந்துச்சு. டாக்டருது மட்டுமில்ல, எல்லாமே அப்படித்தான். யாரோ தெரியாம திரும்பத் திரும்பப் போட்டிருக்காங்கன்னு நினைச்சேன். அதுக்குன்னே ஒரு புரோகிராம் இருக்கு. ஒரே பேருல இருக்கிறதுல பெருசா ஒண்ணை மட்டும் வெச்சுக்கிட்டு மத்ததைத் தூக்கிடும். சுத்தம் பண்ணிட்டேன்."

பெரியது ஒன்றாம் எண்தான். நான்கு புல்லாங்குழல் உள்ள எண். எல்லோருக்கும் அப்படியே. ஊரில் கார் கற்றுக்கொண்ட அத்தனை பேருக்கும் அவர்களுடைய முதல் நாள் பயம் மட்டும் மிஞ்சியிருந்தது.

அத்தை காரிலிருந்து எடுத்து வந்த பென் டிரைவை மேஜைமேல் வைத்தாள். பிறகு சொன்னாள்: "சுத்தமாத்தான் பண்ணியிருக்கீங்க."

மாப்பிள்ளை நாக்கைக் கடித்துக்கொண்டார். துவட்டிய தலையில் மறுபடி வியர்த்தது. "அத்தை, புதுசா வெட்டிக்க முடியாதா?"

"பதிமூணு வரைக்கும் வெட்டிடலாம். அந்த மௌனம்தான்... எவ்வளவு விட்டேன்னு எனக்கே தெரியாதே. டாக்டர் காலுக்குத்தான் தெரியும். அந்தக் கால் இப்ப குழம்பிப்போய் நிக்குது."

டாக்டர் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். மாமாதான் செய்தித்தாளை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சொன்னார்: "கொட்டகையில கிடக்குதே அது, அது என்ன செத்தா போச்சு?"

எல்லோரும் கொட்டகைக்கு ஓடினோம். கம்ப்யூட்டரைத் தூக்கிவந்து சாப்பாட்டு மேஜைமேலேயே படுக்க வைத்தோம். மாப்பிள்ளை பென்சிலால் குத்தினார். உள்ளே ஏதோ முனகி, நின்றது. மறுபடி குத்தினார். முனகல்கூட இல்லை. மாப்பிள்ளைக்கு அழுகை வராத குறை.

"ஏன்யா குத்திக்கிட்டே இருக்கீங்க?" என்று டாக்டர் எழுந்து வந்தார். "வாயைத் திறந்து பாக்காம பல்லைப் பிடுங்குவாங்களா? மூடியைக் கழட்டுங்க. நான் இதோ வந்துட்டேன்."

கிளினிக்கிலிருந்து ஒரு பையோடு திரும்பி வந்தார். நெற்றியில் விளக்கை மாட்டினார். பல் பார்க்கும் குட்டிக் கண்ணாடியை உள்ளே விட்டுச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். கண்ணாடி பிடித்த கை அசையாமல் நின்றது.

"அடடா. எத்தனை வருஷமா தேய்க்கல?" என்றார். உள் விசிறியைச் சுற்றி நூல் நூலாகத் தூசி அடைத்திருந்தது. சின்னக் கொக்கியால் அதைச் சுருட்டி எடுத்தார். ரப்பர் பந்தால் புஸ் புஸ்ஸென்று காற்று ஊதினார். மென்மையான பிரஷ்ஷால் துடைத்தார். பழக்க தோஷத்தில், "வலிச்சா கையைத் தூக்கு" என்று கம்ப்யூட்டரிடம் சொல்லிவிட்டார். மாமா சிரித்த சிரிப்பில் மேஜை விசிறி அவர் கையிலிருந்து விழப் பார்த்தது.

"இப்ப குத்துங்க மாப்பிள்ளை" என்றாள் அத்தை.

முனகியது. நின்றது போலிருந்தது. அத்தை குனிந்து அதனிடம் பேச ஆரம்பித்தாள், தன் வகுப்புக் குரலில். "மெதுவா. அவசரமே இல்ல. பின்னாடி வர்றவங்க ஹாரன் அடிச்சா அடிக்கட்டும். கிளட்ச்சை மட்டும் விட்டுடாதே. அப்படித்தான்... அப்படித்தான்..." விசிறி சுற்றத் தொடங்கியது. திரையில் வெளிச்சம் வந்தது. மாப்பிள்ளை ஒரு அட்டையை எடுத்து விசிற, மாமா மேஜை விசிறியைப் பிடிக்க, நான் வயரை அசையாமல் பிடிக்க, அத்தை டாக்டரின் கோப்புறையை மட்டும் தேடித் தன் கையாலேயே இழுத்துப் புது லேப்டாப்பில் போட்டாள்.

"நான் எதிலயும் கை வைக்கல அத்தை" என்றார் மாப்பிள்ளை, அட்டையால் விசிறிக்கொண்டே.

"வெச்சா ஒடிச்சுடுவேன்" என்றாள் அத்தை. மாப்பிள்ளையிடம் அவள் அப்படிப் பேசி நான் கேட்டது அன்று ஒரு தடவைதான். மாப்பிள்ளைக்கு அதில் ஏக சந்தோஷம். மன்னித்துவிட்டாள் என்று புரிந்துகொண்டார்.

பதினாலு பாட்டும் வந்து சேர்ந்தன. சேர்ந்த கொஞ்ச நேரத்தில் பழையது சூடாகி அணைந்தது. வெளிச்சம் போவதற்குள் டாக்டரைக் காரில் ஏற்றினோம். இந்த முறை மாப்பிள்ளையும் பின் சீட்டில் நெருக்கிக்கொண்டார். பல்லவியில் ரொட்டிக்கடை வந்தது. சரணத்தில் பாங்க் வந்தது. ரவுண்டானாவுக்கு முன்னால் பாட்டு நின்றது. பின்னால் நாங்கள் மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். டாக்டர் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். பெண் குரல் எடுத்தது. கார் வழுக்கிக்கொண்டு வளைந்தது. சரியான வழியில் வெளியேறியது.

மாமா கை தட்டினார். "ரொட்டி வாங்கவே இல்லையே" என்றார் பிறகு.

மறுநாள் டெஸ்டில் பாட்டுப் போட அனுமதி இல்லை. அது அத்தைக்குத் தெரியும். கடைசிப் பாடம் அதுதான். பாட்டு ஸ்பீக்கரிலிருந்து ஆளுக்குள் போயிருக்க வேண்டும். டாக்டர் வாய்க்குள்ளேயே பாடிக்கொண்டு ஓட்டியிருக்கிறார். ரவுண்டானாவில் அவர் சட்டென்று நிறுத்தியதும், டெஸ்ட் எடுத்த அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தாராம்.

"ஏன் சார் நிறுத்திட்டீங்க?"

"வண்டியை எங்க நிறுத்தினேன்? பாட்டைத்தான் நிறுத்தினேன்" என்று சொல்லிக்கொண்டே டாக்டர் வளைந்து போய்விட்டார்.

சாயங்காலம் வாசலில் ஹாரன் சத்தம். நீளமாக, கூச்சமே இல்லாமல். அத்தை கையில் ஈரத்தோடு வெளியே ஓடினாள். டாக்டர் தன் காரிலேயே வந்திருந்தார். பக்கத்தில் அந்த அம்மா, துடைத்து வைத்த செருப்போடு. கண்ணைச் சுருக்கி அத்தை எந்தப் பக்கம் நிற்கிறாள் என்று தேடி, கையை நீட்டினார். அத்தை அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இவர் ஓட்டும்போது பேசவே மாட்டேங்கறார் டீச்சர். முணுமுணுன்னு பாடிக்கிட்டே வர்றார். அதுவும் நடுவுல நடுவுல விட்டுடறார்."

"அந்த விட்ட இடம்தாம்மா நான் கத்துக்கொடுத்தது" என்றாள் அத்தை.

கார் தெருமுனை திரும்பும்வரை நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று வந்த பழைய சாமான் கடைக்காரரை வெறும் கையோடு அனுப்பிவிட்டாள்.

மற்றவர்களின் கோப்புறைகளை அதன் பிறகு அவளே மாற்றினாள். மொத்தமாக இழுத்துப் போடுவதில் அவளுக்கு நம்பிக்கை போய்விட்டது. பழைய கம்ப்யூட்டர் ஒரு மூச்சில் எவ்வளவு நேரம் தாங்குமோ அவ்வளவு நேரம், ஒரு ஆளுக்கு ஒரு சாயங்காலம். அடுத்து யாருக்கு டெஸ்டோ அவருக்கு முதலில். டாக்டர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பையோடு வந்து அதன் வாயைத் திறந்து பார்த்துவிட்டுப் போவார். நான் எப்போது போனில் பேசினாலும், "இன்னிக்கு யாரை மாத்தினீங்க?" என்று கேட்பேன். "தையல்காரியை", "பாங்க் மேனேஜரை", "அந்தக் கோவக்காரனை" என்பாள். கோவக்காரனுக்குப் பாட்டின் சத்தத்தைப் பாதியாகக் குறைத்து வைத்திருந்தாளாம். கத்தினால் பாட்டுக் கேட்காது. கேட்கவில்லையென்றால் ரொட்டிக்கடை தெரியாது.

மாமாவுக்கும் ஒரு கோப்புறை இருந்தது. ஏதோ ஒரு கல்யாண நாளுக்குக் கேலியாகச் செய்தது. மாமாவுக்குப் பிடித்த பாட்டின் இடையிசையை எத்தனையோ முறை ஒட்டி, அரை மணி நேரம் ஓடுமாறு நீட்டி வைத்திருந்தாள். "உங்க வேகத்துக்கு இதுதான் சரி. இது முடியறதுக்குள்ள கேட்டைத் தாண்டிட்டா லைசென்ஸ் நானே குடுத்துடறேன்."

"நான் ஓட்டக் கத்துக்கிட்டா, உன் வண்டியில பின்னாடி யார் உக்கார்றது?" என்பார் மாமா.

போன மாதம் பேசியபோது, எல்லோரையும் மாற்றியாயிற்று என்றாள். மாமாவையுமா என்று கேட்டேன். "அவர் முன் சீட்டுக்கு வரட்டும், அன்னிக்கு மாத்தறேன்" என்றாள். பின்னாலிருந்து செய்தித்தாள் மடிக்கும் சத்தம் கேட்டது.

அத்தை போன அன்று காலை வாசலில் ஹாரன் அடித்த புதுப் பெண்ணிடம் நான் போய்ச் சேர்வதற்குள் டாக்டரே பேசி, வீட்டில் கொண்டுபோய் விட்டிருந்தார். அவளுடைய பாட்டு புது லேப்டாப்பில் தயாராக இருந்தது. ஒன்றாம் எண், புல்லாங்குழல் இல்லாத ஒரு பாட்டு. பழைய கம்ப்யூட்டரை நேற்று மாமாவும் நானும் விசிறி வைத்துத் திறந்து பார்த்தோம். 'பின் சீட்டு' என்ற ஒரு கோப்புறை மட்டும் அதில் இருக்கிறது, இன்னும் மாற்றப்படாமல்.